ஃபார்ம் டிசைனரில் கன்ட்ரோல்களை வைப்பதும் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்ம் என்பது நிரலின் ஒரு சாளரம், அதை வரைந்து அமைக்கும் கருவிதான் ஃபார்ம் டிசைனர். இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் விஷுவல் ஸ்டுடியோவின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனரை வைத்து எழுதியவை. டெல்ஃபி, லாசரஸ், க்யூட்டி டிசைனர் பயன்படுத்துகிறவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது. பட்டன், லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ் போன்றவற்றைக் கன்ட்ரோல் என்றும், விசைப்பலகையில் இருப்பதைக் கன்ட்ரோல் விசை என்றும் எழுதியிருக்கிறேன்.

வெற்று ஃபார்ம் திறந்தாகிவிட்டது. எதிலிருந்து தொடங்குவது?

எழுத்துருவிலிருந்து. பலர் முதலில் பட்டனை இழுத்துப் போடுகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகு எழுத்துருவை மாற்றுகிறார்கள், அப்போது மொத்த ஃபார்மும் அளவு மாறிவிடுகிறது. ஃபார்மின் ஃபான்ட் பண்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், தனக்கென்று எழுத்துரு குறிப்பிடாத ஒவ்வொரு கன்ட்ரோலும் அதையே எடுத்துக்கொள்ளும். டாட்நெட் கோர் 3.0 முதல் இயல்பான எழுத்துரு செகோ யுஐ 9 பாயின்ட். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25 பாயின்ட். பழைய புராஜெக்ட்டைப் புதியதற்கு மாற்றும்போது ஃபார்ம்கள் கொஞ்சம் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது கன்டெய்னர்கள், அதாவது பேனல், குரூப்பாக்ஸ், டேபிள் லேஅவுட் பேனல் போன்றவை. எந்தக் கன்ட்ரோல் எதற்குள் இருக்கப் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல்களை வையுங்கள், உடனே பெயர் வையுங்கள், ஆங்கர் போடுங்கள் (அது என்னவென்று கீழே வருகிறது). ஒரு பிக்சல் இடம், ஒரு பிக்சல் வலம் என்று நகர்த்தும் வேலை எல்லாவற்றுக்கும் கடைசி. அதை முதலில் செய்தால், பின்னால் பேனல் சேர்க்கும்போது அத்தனையும் வீணாகும்.

டூல்பாக்ஸிலிருந்து கன்ட்ரோலை எப்படியெல்லாம் வைக்கலாம்?

டூல்பாக்ஸ் (கன்ட்ரோல்களின் பட்டியல்) தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கன்ட்ரோலை நேராக இழுத்து ஃபார்மில் விடலாம். டூல்பாக்ஸில் ஒருமுறை சொடுக்கிவிட்டு ஃபார்மில் சதுரம் வரைவதுபோல் இழுக்கலாம், வரைந்த அளவிலேயே கன்ட்ரோல் வந்து உட்காரும். இரட்டைச் சொடுக்கு செய்தால் இயல்பான அளவில், அப்போது தேர்வில் இருக்கும் கன்டெய்னருக்குள் விழும். பட்டன் என்றால் அந்த இயல்பான அளவு 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரம்.

ஒரே மாதிரி பல வேண்டும் என்றால், ஒன்றைச் சரியாக அமைத்துவிட்டு, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அதை இழுங்கள். நகல் ஒன்று வரும். அகலம், எழுத்துரு, ஆங்கர் எல்லாம் கூடவே வந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றாக டூல்பாக்ஸிலிருந்து எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பேனலின் மேல் வைத்தேன். ஆனால் பேனலை நகர்த்தினால் பட்டன் கூட வரவில்லையே?

பட்டன் பேனலுக்குள் போகவில்லை, ஃபார்மில் இருந்துகொண்டு பேனலுக்கு மேலே நிற்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலில் பட்டனை வைத்துவிட்டு, பிறகு பேனலை நகர்த்தி அதன்மேல் கொண்டுவந்து, மறைந்துபோன பட்டனை முன்னால் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். எது எதற்குள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்குமென்ட் அவுட்லைன் சாளரத்தைத் திறங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டி (T). ஃபார்மில் உள்ள அனைத்தும் மரக்கிளை அமைப்பில் வரிசையாக இருக்கும். பட்டனைப் பிடித்து பேனலின் பெயர்மேல் விட்டால் உள்ளே போய்விடும். டிசைனரிலேயே பட்டனை இழுத்து பேனலுக்குள் விட்டாலும் சரிதான்.

வெட்டி ஒட்டும் வழியை மட்டும் தவிருங்கள். ஒட்டப்பட்டது புதிய கன்ட்ரோல். பழையதோடு இணைத்திருந்த நிகழ்வுகள் அதில் இருக்காது. கிளிக் நிகழ்வுக்கு எழுதிய நிரல் கோப்பில் அப்படியே இருக்கும், ஆனால் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிழைச்செய்தியும் வராது என்பதால் காரணத்தைத் தேடுவது சிரமம்.

கன்டெய்னர் தவறினால் உடனே மாட்டிக்கொள்வது ரேடியோ பட்டன்கள். ஒரே கன்டெய்னரில் இருக்கும் ரேடியோ பட்டன்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பாலினத்துக்கு இரண்டு, கட்டண முறைக்கு மூன்று என்று ஐந்தையும் நேராக ஃபார்மில் வைத்தால், கட்டண முறையைத் தேர்ந்தெடுத்ததும் பாலினத் தேர்வு அழிந்துவிடும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி குரூப்பாக்ஸ் அல்லது பேனல் வேண்டும்.

இழுக்கும்போது நீலக் கோடும் இளஞ்சிவப்புக் கோடும் வருகின்றனவே, அவை என்ன?

ஸ்னாப்லைன்கள். விஷுவல் ஸ்டுடியோ 2005-இல் வந்தவை. அதற்கு முன் புள்ளிக் கட்டம்தான். நீலக் கோடு வந்தால் இரண்டு கன்ட்ரோல்களின் விளிம்புகள் நேராகிவிட்டன, அல்லது இடையே சரியான இடைவெளி வந்துவிட்டது என்று பொருள். இளஞ்சிவப்புக் கோடு எழுத்துகளின் அடிவரி நேராக இருப்பதைக் காட்டுகிறது.

இந்த இரண்டாவது கோட்டைப் பலர் கவனிப்பதில்லை. லேபிளையும் அதன் பக்கத்து டெக்ஸ்ட்பாக்ஸையும் மேல் விளிம்பை வைத்து நேராக்கினால், டெக்ஸ்ட்பாக்ஸுக்குள் ஓரமும் உள்ளிடமும் இருப்பதால் லேபிளின் எழுத்து சற்று மேலே ஏறித் தெரியும். படிக்கிறவர்களுக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் ஃபார்ம் கோணலாக இருப்பதாகத் தோன்றும். லேபிளை மெதுவாகக் கீழே இறக்கி இளஞ்சிவப்புக் கோடு வரும்போது விடுங்கள்.

இடைவெளியை முடிவு செய்வது மார்ஜின் பண்பு. பெரும்பாலான கன்ட்ரோல்களுக்கு அது நான்கு பக்கமும் 3 பிக்சல், அதனால் இரண்டு பட்டன்களுக்கு நடுவே 6 பிக்சலில் கோடு வரும். உங்களுக்கு 10 வேண்டும் என்றால் மார்ஜினை 5 ஆக்குங்கள், கோடும் அங்கே வந்துவிடும். கோடுகள் தொந்தரவாக இருந்தால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுக்கலாம், அந்த நேரத்துக்கு மட்டும் ஒட்டாது. பழைய புள்ளிக் கட்டமே பிடிக்கும் என்கிறவர்கள் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனர் பகுதியில் லேஅவுட் மோடை ஸ்னாப் டு கிரிட் என்று மாற்றி, டிசைனரை மூடித் திறக்க வேண்டும்.

ஒரே ஒரு பிக்சல் நகர்த்த முடியுமா?

முடியும், அம்புக்குறி விசைகளால். ஸ்னாப்லைன் முறையில் அம்புக்குறி ஒரு பிக்சல் நகர்த்தும். கன்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால் அடுத்த ஸ்னாப்லைனுக்குத் தாவும். ஷிஃப்டோடு அழுத்தினால் அளவு மாறும். கட்ட முறையில் இது தலைகீழ்: அம்புக்குறி ஒரு கட்டம் தாவும், கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால்தான் ஒரு பிக்சல். எண்ணாகவே தர வேண்டும் என்றால் எஃப்4 அழுத்தி பண்புச் சாளரத்தில் லொகேஷன், சைஸ் இரண்டிலும் எழுதுங்கள். லொகேஷன் என்பது கன்டெய்னரின் இடது மேல் மூலையிலிருந்து கணக்கிடப்படுவது, ஃபார்மின் மூலையிலிருந்து அல்ல.

பத்துப் பன்னிரண்டு கன்ட்ரோல்களை ஒரே நேரத்தில் வரிசைப்படுத்துவது எப்படி?

வெற்றிடத்தில் தொடங்கி அவற்றைச் சுற்றி இழுத்துத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஷிஃப்ட் பிடித்து ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள். பிறகு ஃபார்மேட் மெனுவில் அலைன், மேக் சேம் சைஸ், ஹாரிசான்டல் ஸ்பேசிங், வெர்ட்டிகல் ஸ்பேசிங் என்று எல்லாம் இருக்கிறது.

எதைப் பார்த்து எது நேராகும் என்பதுதான் குழப்பம். தேர்வில் உள்ளவற்றில் ஒன்றின் கைப்பிடிகள் (ஓரத்தில் தெரியும் சிறு சதுரங்கள்) மட்டும் மற்றவற்றிலிருந்து வேறு நிறத்தில் இருக்கும். அதுதான் முதன்மை, மற்றவை அதைப் பின்பற்றும். வேறொன்று முதன்மையாக வேண்டும் என்றால், தேர்வைக் கலைக்காமல் அதன்மேல் ஒருமுறை சொடுக்கினால் போதும். பண்புச் சாளரத்திலும் பலவற்றுக்குச் சேர்த்து மதிப்புத் தரலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான பண்புகள் மட்டும் அங்கே தெரியும். தவறிவிட்டால் கன்ட்ரோல், இசட் டிசைனரிலும் வேலை செய்யும்.

டெக்ஸ்ட்பாக்ஸின் உயரத்தை ஏன் இழுத்துப் பெரிதாக்க முடியவில்லை?

ஒரு வரி டெக்ஸ்ட்பாக்ஸின் உயரத்தை எழுத்துரு முடிவு செய்கிறது. அதனால் இடம், வலம் கைப்பிடிகள் மட்டும் வரும். மல்டிலைன் பண்பை ட்ரூ ஆக்கினால் எல்லாக் கைப்பிடிகளும் கிடைக்கும். லேபிளுக்கு ஆட்டோசைஸ் (வாசகத்துக்கேற்ப அளவு தானாக மாறுவது) ட்ரூவாக இருப்பதால் கைப்பிடியே வராது.

லேபிளின் ஆட்டோசைஸை உடனே ஃபால்ஸ் ஆக்கிவிடாதீர்கள். நீளமான வாசகம் மடங்கி அடுத்த வரிக்கு வர வேண்டும் என்பதுதான் தேவை என்றால், ஆட்டோசைஸை அப்படியே வைத்துவிட்டு மேக்ஸிமம் சைஸில் அகலம் 300, உயரம் 0 என்று கொடுங்கள். அகலம் 300-ஐத் தாண்டாது, உயரம் தேவைக்கேற்ப வளரும். தமிழில் வாசகம் வைக்கிறவர்களுக்கு இது அதிகம் பயன்படும், ஏனென்றால் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிட நீளமாகத்தான் வருகிறது. உயரத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டால் வாசகத்தின் கடைசி வரி மறைந்துவிடும்.

ஃபார்மைப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மேல் மூலையிலேயே நிற்கிறது. என்ன செய்ய?

ஆங்கர் போட வேண்டும். என்னைக் கேட்டால் டிசைனரில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். லொகேஷனும் சைஸும் இதற்குப் பிறகுதான்.

ஆங்கர் என்பது, கன்டெய்னரின் எந்தெந்த விளிம்புகளிலிருந்து தூரம் மாறாமல் இருக்க வேண்டும் என்று சொல்வது. இயல்பாக மேலும் இடமும். அதனால்தான் ஃபார்ம் வளரும்போது கன்ட்ரோல்கள் அசையாமல் நிற்கின்றன. சேமி, ரத்து பட்டன்கள் வலது கீழ் மூலையிலேயே இருக்க வேண்டும் என்றால் கீழ், வலம். பெயர் எழுதும் டெக்ஸ்ட்பாக்ஸ் அகலமாக வேண்டும் என்றால் மேல், இடம், வலம். குறிப்பு எழுதும் பெரிய பெட்டிக்கு நான்கும். எதுவுமே போடாவிட்டால் ஃபார்ம் வளரும் அளவில் பாதி நகரும். நடுவில் வைத்தது நடுவிலேயே நிற்கும்.

ஆங்கரால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸ், இரண்டுக்கும் இடம், வலம் ஆங்கர் போட்டால், ஃபார்ம் 100 பிக்சல் வளரும்போது இரண்டும் ஆளுக்கு 100 வளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். இருவரும் கன்டெய்னரின் விளிம்பைத்தான் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. அங்கே டேபிள் லேஅவுட் பேனல்தான் வழி, கீழே வருகிறது.

அப்புறம், ஃபார்மின் மினிமம் சைஸையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பயனர் ஃபார்மைச் சுருக்கும்போது ஆங்கர் போட்ட பட்டன்கள் மற்றவற்றின்மேல் வந்து ஏறும்.

டாக் ஃபில் கொடுத்த கிரிட்டின் மேல் வரிசை, மேலே உள்ள பேனலுக்குப் பின்னால் போய்விட்டதே?

டாக் என்பது கன்ட்ரோலைக் கன்டெய்னரின் ஒரு விளிம்போடு ஒட்டுவது, ஃபில் என்றால் மிச்ச இடம் முழுவதையும் நிரப்புவது. இந்தக் கணக்கு பின்னாலிருந்து முன்னால் நடக்கிறது. அடுக்கில் மிகப் பின்னால் இருக்கும் கன்ட்ரோல் தன் இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்சம் இருப்பது அடுத்தவருக்கு. கிரிட்டை (தரவு அட்டவணையை) முதலில் வைத்து ஃபில் கொடுத்திருப்பீர்கள். பேனல் பிறகு வந்ததால் முன்னால் நிற்கிறது. கிரிட் மொத்த இடத்தையும் எடுத்துக்கொண்டாயிற்று, பேனல் அதன்மேல் உட்காருகிறது. கிரிட்டை வலச் சொடுக்கு செய்து பிரிங் டு ஃப்ரன்ட் கொடுங்கள். ஃபில் எப்போதும் எல்லோருக்கும் முன்னால் இருக்க வேண்டும்.

டேபிள் லேஅவுட் பேனல் எப்போது வேண்டும்?

லேபிளும் உள்ளீட்டுப் பெட்டியும் வரிசை வரிசையாக வரும் எந்த ஃபார்முக்கும். நெடுவரிசைக்கும் கிடைவரிசைக்கும் மூன்று விதமாக அளவு தரலாம்: அப்சல்யூட் என்றால் இத்தனை பிக்சல், ஆட்டோசைஸ் என்றால் உள்ளே இருப்பதற்குத் தேவையான அளவு, பர்சன்ட் என்றால் மற்ற இரண்டும் எடுத்தது போக மிச்சத்தில் பங்கு. லேபிள் நெடுவரிசையை ஆட்டோசைஸ், பெட்டி நெடுவரிசையை 100 பர்சன்ட் என்று வைத்துவிட்டால், வாசகம் எந்த மொழியில் எவ்வளவு நீளமாக வந்தாலும் பெட்டிகள் தாமாக நகர்ந்துகொள்ளும். ஆங்கர் பற்றிய கேள்வியில் ஏறிக்கொண்ட இரண்டு பெட்டிகளை ஆளுக்கு 50 பர்சன்ட் நெடுவரிசையில் வைத்தால் தீர்ந்தது.

கட்டத்துக்குள் ஆங்கர் வேறு மாதிரி வேலை செய்கிறது. லேபிளுக்கு இடம் மட்டும் போட்டால் அது கட்டத்தின் இடது ஓரத்தில், உயரத்தில் நடுவாக நிற்கும். பெட்டிக்கு இடமும் வலமும் போட்டால் அகலம் முழுக்க நிரம்பி, உயரத்தில் நடுவாக நிற்கும்.

ஒரு கட்டத்தில் ஒரு கன்ட்ரோல்தான். இரண்டு பட்டன் வேண்டும் என்றால் அங்கே ஒரு ஃப்ளோ லேஅவுட் பேனல் (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் பேனல்) வைத்து அதற்குள் போடுங்கள். ஃப்ளோ டைரக்‌ஷனை வலமிருந்து இடம் என்றால் பட்டன்கள் வலது ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் டேபிள் என்று ஆழமாகப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபார்ம் திறப்பது மெதுவாகும், திருத்துவதும் கடினம்.

பேனலைத் தேர்ந்தெடுக்க முயன்றால் உள்ளே இருப்பதுதான் தேர்வாகிறது.

உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எஸ்கேப் அழுத்துங்கள். தேர்வு ஒரு படி மேலே, அதன் கன்டெய்னருக்குப் போகும். மறுபடி அழுத்தினால் இன்னொரு படி.

ஒரு கன்ட்ரோலையே காணவில்லை. நிரலில் மட்டும் இருக்கிறது.

வேறொன்றின் பின்னால் இருக்கலாம், அல்லது ஃபார்மின் எல்லைக்கு வெளியே போயிருக்கலாம். பண்புச் சாளரத்தின் மேலே உள்ள கீழ்விரி பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்து, லொகேஷனை 0, 0 ஆக்கி, பிரிங் டு ஃப்ரன்ட் கொடுங்கள். சைஸ் 0 ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டைமர், டூல்டிப், எர்ரர் புரொவைடர் போன்றவை ஃபார்மின்மேல் வரவே வராது, டிசைனரின் கீழே உள்ள தட்டில் இருக்கும்.

டேப் விசை தாறுமாறாகத் தாவுகிறது.

நீங்கள் கன்ட்ரோல்களை எந்த வரிசையில் வைத்தீர்களோ அந்த வரிசையில்தான் டேப் இண்டெக்ஸ் கிடைத்திருக்கும். வியூ மெனுவில் டேப் ஆர்டரைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றின்மேலும் எண் தெரியும். விரும்பும் வரிசையில் சொடுக்கிக்கொண்டே போய், எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். கன்டெய்னருக்குள் இருப்பவற்றுக்கு 3.0, 3.1 என்று எண் வரும்.

லேபிளையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் பெட்டிக்குச் சரியாக முந்தைய எண்ணாக. லேபிளின் வாசகத்தில் ஒரு எழுத்துக்கு முன் & போட்டால், ஆல்ட்டோடு அந்த எழுத்தை அழுத்தும்போது கவனம் அடுத்த எண்ணில் உள்ள பெட்டிக்குப் போகும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கும், நாள் முழுக்க மவுஸைத் தொடாமல் தரவு ஏற்றுகிறவர்களுக்கும் இந்த வரிசைதான் ஃபார்ம். அழகாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. கை தவறி நகர்த்திவிடாமல் இருக்க?

ஃபார்மேட் மெனுவில் லாக் கன்ட்ரோல்ஸ். ஒன்றை மட்டும் பூட்ட அதன் லாக்டு பண்பு. இது டிசைனருக்குள் மட்டும்தான், ஓடும் நிரலை ஒன்றும் செய்யாது.

என் கணினியில் சரியாக இருக்கிறது, இன்னொருவர் திறந்தால் அளவுகள் எல்லாம் மாறுகின்றன.

இரண்டு கணினிகளிலும் திரை அளவிடல் வேறுவேறாக இருக்கும். 100 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளி, 125 என்றால் 120. 125-இல் திறந்து சேமித்தால், டிசைனர் எல்லா லொகேஷனையும் சைஸையும் புதிய கணக்கில் எழுதிவிடும். நீங்கள் ஒரு பட்டனைத்தான் நகர்த்தினீர்கள், ஆனால் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியில்) நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டும். அடுத்தவர் 100-இல் திறந்து சேமிக்கும்போது மறுபடி மாறும். ஒவ்வொரு முறையும் எண் முழுமையாக்கப்படுவதால் ஓரிரு பிக்சல்கள் பிசகும்.

அளவிடல் அதிகமாக இருக்கும்போது விஷுவல் ஸ்டுடியோ மேலே ஒரு மஞ்சள் பட்டையைக் காட்டி, 100 சதவீதத்தில் மறுதொடக்கம் செய்யவா என்று கேட்கும். அதை மூடிவிடாமல் ஆம் என்று சொல்லுங்கள். குழுவாக வேலை செய்யும்போது எல்லோரும் 100-இல்தான் டிசைனரைத் திறப்பது என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஃபார்மின் ஆட்டோஸ்கேல் மோடு ஃபான்ட் என்று இருப்பதை மாற்ற வேண்டாம். பயனரின் கணினியில் ஃபார்ம் சரியான அளவில் விரிவது அதனால்தான்.

தெரியாமல் லேபிளை இரட்டைச் சொடுக்கு செய்துவிட்டேன். வந்த நிரலை அழித்தால் பிழை வருகிறது.

நிகழ்வு நிரல் உங்கள் கோப்பில் உருவானது, அதைக் கூப்பிடும் வரி, டிசைனர் தானே எழுதும் டிசைனர் கோப்பில் உருவானது. ஒன்றை மட்டும் அழித்ததால்தான் பிழை. பண்புச் சாளரத்தில் மின்னல் குறியை அழுத்தினால் நிகழ்வுகளின் பட்டியல் வரும், அங்கே கிளிக் என்பதற்கு எதிரே உள்ள பெயரை அழித்துவிடுங்கள். பிழை காரணமாக டிசைனர் திறக்கவே மறுத்தால், டிசைனர் கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கலாம்.

அந்தக் கோப்பில் கைவைப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இனிஷியலைஸ் காம்பொனென்ட் பகுதியை டிசைனர் ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதுகிறது, நீங்கள் இடையில் சேர்த்த நிபந்தனையோ சுற்றோ காணாமல் போகும். அப்படி ஏதாவது வேண்டும் என்றால் உங்கள் கோப்பில், கன்ஸ்ட்ரக்டருக்குள், இனிஷியலைஸ் காம்பொனென்ட் அழைப்புக்கு அடுத்த வரியில் எழுதுங்கள்.

டெல்ஃபி, லாசரஸ், க்யூட்டி டிசைனரிலும் இதெல்லாம் பொருந்துமா?

டெல்ஃபியிலும் லாசரஸிலும் ஏறக்குறைய அப்படியே. டாக்குக்கு அங்கே அலைன் என்று பெயர், ஃபில்லுக்கு ஏஎல்கிளையன்ட். ஆங்கர்ஸ் அதே கருத்துதான். லாசரஸில் ஆங்கர் எடிட்டர் என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது: ஒரு கன்ட்ரோலின் விளிம்பைப் பக்கத்துக் கன்ட்ரோலின் விளிம்போடு கட்டலாம். ஆங்கர் பற்றிய பதிலில் விண்டோஸ் ஃபார்ம்ஸால் முடியாது என்று சொன்னது அங்கே முடிகிறது. டெல்ஃபியில் கன்ட்ரோல் விசையோடு அம்புக்குறி ஒரு பிக்சல் நகர்த்தும், ஷிஃப்டோடு அம்புக்குறி ஒரு பிக்சல் அளவு மாற்றும்.

க்யூட்டி டிசைனர் வேறு வழியில் போகிறது. அங்கே இடத்தை எண்ணால் குறிப்பது தற்காலிகம்தான். கன்ட்ரோல்களைத் தோராயமாக வைத்து, தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தினால் கிடைவரிசை லேஅவுட், 2 என்றால் செங்குத்து, 5 என்றால் கட்டம். இடைவெளி வேண்டிய இடத்தில் ஸ்பேசர் வைக்க வேண்டும். பலர் மறப்பது வெளி ஃபார்முக்கு லேஅவுட் கொடுப்பதை: உள்ளே எத்தனை லேஅவுட் இருந்தாலும், ஃபார்மின் வெற்றிடத்தைச் சொடுக்கி அதற்கும் ஒன்று கொடுக்காவிட்டால் சாளரத்தைப் பெரிதாக்கும்போது எதுவும் வளராது. ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டரில் அதன் பெயர் பக்கத்தில் சிவப்புத் தடைக் குறி இருந்தால் இன்னும் கொடுக்கவில்லை என்று அறியலாம். கொடுத்த பிறகு கன்ட்ரோல், ஆர் அழுத்தி முன்னோட்டத்தைத் திறந்து, மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.